அடுத்தவன் வண்டியின் மிச்சம்

ரூபேந்திரனின் தலையும் பிரேமலாவின் தலையும் ஒரே காகிதத்தின் மேல் குனிந்திருந்தன. அது காதல் கடிதமாக இருந்திருந்தால்கூட மதிவாணனுக்கு வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. கடிதமென்றால் சண்டை போடலாம், நாலு பேரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம். இது ஒரு பழைய ஆயில் ஃபில்டரின் உள்ளே இருந்த காகிதம். இதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

ஜொகூர் மாநிலத்துச் செனாயில் அந்த ஆயில் கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஃபேக்டரியில் பகல் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு, மனைவி பிரேமலாவை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தவன், தன் பழைய வெள்ளை சத்ரியா காருக்குள் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிரேமலா தகரம் வெட்டும் கத்தரியால் ஃபில்டரைச் சுற்றி வெட்டினாள். உள்ளிருந்த காகிதத்தை உருவி, புடவைக் கொசுவத்தைப் பிரிப்பதுபோல மடிப்பு மடிப்பாகப் பிரித்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். ரூபேந்திரன் கிட்டே வந்து எட்டிப் பார்த்தான். அவள் விரலால் ஏதோ காட்டினாள். அவன் தலையாட்டினான். பிறகு மேசைமேல் மூன்று விதமான ஆயிலும் இரண்டு விதமான ஃபில்டரும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து அவள் பேசினாள். கையால் பேசினாள், கண்ணால் பேசினாள். அந்தக் கண்ணில் இருந்த வெளிச்சத்தை மதிவாணன் வீட்டில் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

வெளியே நிழலில் ரூபேந்திரனின் மஞ்சள் கார் நின்றது. ஜப்பான்காரன் செய்த டர்போ வண்டி. பந்தய ஓடுதளத்துக்கும் போய்வருகிற வண்டி. அதன் சக்கரமே மதிவாணன் சம்பளத்தை மிதித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

பிரேமலா அந்தக் கடையில் முதலில் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கிற நேரத்தில் டப்பாவின் பின்பக்கத்தில் உள்ளதை எழுத்துக்கூட்டிப் படித்து, பின்னால் வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு, எந்த வண்டிக்கு எந்த ஆயில் என்று தெரிந்துகொண்டாள். ஆனாலும் வருகிறவர்கள், "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். கடை முதலாளியான தவுக்கே அவளை ஆயில் எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நிறுத்தியபோது ஒன்று சொல்லி வைத்திருந்தார். உன் பேச்சைக் கேட்டு ஒரு எஞ்சின் கெட்டது என்று யாராவது வந்து நின்றால், அன்றைக்கே நீ பழையபடி கல்லாவுக்குப் போய்விட வேண்டியது. இதுவரை யாரும் அப்படி வந்து நிற்கவில்லை. இப்போது ரூபேந்திரனும் அவனுடைய வண்டிக்காரக் கூட்டாளிகளும், "சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

பிரேமலா வந்து வண்டியில் ஏறினாள்.

"என்னங்க, வந்து ரொம்ப நேரமாச்சா? உள்ள வந்திருக்கலாம்ல?"

"எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் மும்முரமா படிச்சிக்கிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு பார்த்தேன்."

"என்னத்த படிச்சோம்?"

"அந்தக் கருப்புக் காகிதத்தத்தான். அப்படி என்ன எழுதியிருந்துச்சு?"

அவள் சிரித்துவிட்டாள். "நல்ல சேதிதான் எழுதியிருந்துச்சு. பேரிங் தேஞ்சா காகிதத்துல மினுக்கு மினுக்குனு தூள் ஒட்டியிருக்கும். அவரு வண்டியில ஒரு பொட்டு இல்ல. நான் சொன்ன ஆயில் சரியா வேலை செய்யுது."

"அவரு."

"பின்ன? கஸ்டமர அவன் இவன்னா சொல்லுவாங்க? என்னைய சிஸ்டர்னுதாங்க கூப்பிடுறாரு."

"எல்லாவனும் அப்படித்தான் ஆரம்பிக்கிறானுங்க."

"அலமாக்! என்ன பேச்சுங்க இது?" என்றவள், அவனைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டிருக்கவேண்டிய ஒன்றைச் சொன்னாள். "அந்த ஆள் மட்டும் இல்லன்னா உங்க வண்டிக்கு ஏது லா இந்த ஆயிலு?"

மதிவாணனின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. "என்ன சொன்ன?"

அவள் ஒளிக்காமல் சொன்னாள். ரூபேந்திரன் ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய டப்பாவும் ஒரு சின்ன டப்பாவும் வாங்குவான். சின்ன டப்பாவில் பாதிக்கு மேல் மிஞ்சிவிடும். வண்டிக்காரர் கேட்காவிட்டால் மிச்சம் கடை ஆட்களுக்கு என்பது எல்லா ஆயில் கடையிலும் உள்ள வழக்கம். அவன் கேட்கமாட்டான். "வச்சுக்குங்க சிஸ்டர்" என்று போய்விடுவான். அவனுடைய கூட்டாளிகளும் அதே தடிமன் ஆயிலைத்தான் போடுகிறார்கள். அந்த மிச்சத்தையெல்லாம் வேறு எதுவும் கலக்காமல், தூசி விழாமல், வீட்டில் இருக்கிற மஞ்சள் ஜாடியில் அவள் சேர்த்துவந்தாள்.

"உங்க எஞ்சின் பழசு. உள்ள எல்லாம் லூசு. அதுக்கு இந்த மாதிரி கெட்டி ஆயில்தான் தாங்கும். காசு குடுத்து வாங்க நம்மால முடியுமா?"

அந்த ஜாடியைக் காட்டி மதிவாணன் எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறான்! மாமாக் சாப்பாட்டுக் கடையில் கூட்டாளி தங்கராஜுவிடம் போன வாரம்கூடச் சொன்னான். 'என் வீட்டம்மா தன் சம்பளத்துல எனக்கு வாங்கி ஊத்துற ஆயில்டா. மோந்து பாரு, பழ வாசன அடிக்கும்.' அவள் தனக்காகத் தேர்ந்தெடுத்து வாங்குகிறாள் என்று நினைத்திருந்தான். வேலை முடிந்து இடுப்பு ஒடிந்து வருகிற மாலைகளில் அந்த ஜாடியைப் பார்த்தால் அவனுக்கு ஒரு தெம்பு வரும். அது இன்னொருத்தன் வண்டி குடித்துவிட்டு வைத்த மிச்சம்.

"என் வண்டி என்ன, அவன் தட்டுல மிஞ்சுனத திங்கிற நாயா?"

"எஞ்சினுக்குள்ள போகாத புது ஆயிலுங்க அது!"

"போதும்."

வீடு வந்து இறங்கும்போது அவள்தான் மெதுவாக ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை ரூபேந்திரனின் கூட்டம் மூவாருக்கு வண்டி விடுகிறதாம், மீ பண்டோங் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாம். 'அண்ணனையும் கூட்டிட்டு வாங்க' என்று அவன் சொன்னானாம். அவள் சரி என்று சொல்லிவிட்டாளாம்.

"நான் எடுத்துக் குடுத்த ஆயில்ல அந்த வண்டி எப்படி ஓடுதுன்னு ரோட்டுல கேட்டுப் பாக்கணுங்க" என்றாள்.

வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டான். ரோட்டில் தன் வண்டி எப்படி ஓடும் என்பதையும் அவள் கேட்கட்டும் என்று ஒரு எண்ணம் ஓடியது.

மறுநாள் சனிக்கிழமை. அவள் வேலைக்குப் போனதும் மதிவாணன் சத்ரியாவை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஒரு வாளியை வைத்து ஆயில் வடிக்கிற திருகைக் கழற்றினான். ஆயில் கயிறுபோல அறுபடாமல் இறங்கியது. ஊற்றி அதிக நாள் ஆகவில்லை, இன்னும் தேன் நிறம் முழுதாக மாறவில்லை. திருகைத் திரும்ப மாட்டிவிடலாமா என்று கை ஒரு நிமிடம் யோசித்தது. காகிதத்தின் மேல் குனிந்த இரண்டு தலைகளும் கண்ணுக்குள் வந்தன. கையை எடுத்துவிட்டான். வாளி நிறைந்தது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூலாய் பக்கம், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கடைக்குப் போனான்.

"என்ன வண்டி, அண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"டர்போ."

"டர்போன்னா எது? என்ன வருஷம்?"

பக்கத்தில் ஒருத்தன் பளபளக்கும் கார்ச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றான். அவன் முன்னால் சத்ரியா என்று சொல்ல மதிவாணனுக்கு நாக்கு எழவில்லை. "புதுசுதான்" என்றான்.

"புதுசுன்னா இது லா." கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் இதான். மெலிசு. தண்ணி மாதிரி ஓடும்."

"அந்தப் பத்து அம்பதுன்னு ஒரு கெட்டி ஆயில் இருக்கே, அத விட இது ஒசத்தியா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "விலையில ஒசத்தி. ஆனா அதோட வேலை வேற, இதோட வேலை வேற. வண்டியப் பொறுத்தது."

மதிவாணன் காதில் 'ஒசத்தி' மட்டும் விழுந்தது. ஃபில்டரும் எடுத்தான். பிரேமலா எப்போதும் எடுக்கிற சாதாரணக் கருப்பு ஃபில்டர் வேண்டாமென்று, சிவப்பாக மின்னுகிற ஒன்றைப் பார்த்து எடுத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் ஊற்றியபோது ஆயில் தண்ணீரைப் போலத்தான் இறங்கியது. வண்டியைக் கிளப்பினான். எஞ்சின் சுமை இறக்கிய ஆளைப்போல லேசாகச் சுற்றியது. 'பார்த்தியா' என்று யாரிடமோ சொன்னான். வாளியைப் பழைய டயர்களுக்குப் பின்னால் தள்ளி, ஒரு பலகையால் மூடிவைத்தான்.

ஞாயிறு காலை பிரேமலா பச்சைச் சுடிதாரும் தலையில் பூவுமாக வந்தாள்.

"மீ பண்டோங் சாப்பிடப் போறதுக்குப் பூ எதுக்கு?"

"ஆறு நாளும் ஆயில் வாசனைதானே. ஒரு நாளாவது பூ வாசனை வேணாமா?"

அவன் சாவியைத் திருகினான். எஞ்சின் கடகடவென்று உதறிவிட்டுப் பிறகு அடங்கியது. பிரேமலா தலையைச் சாய்த்தாள்.

"என்ன சத்தம் அது?"

"காலையில குளிர்ச்சி."

"ஜொகூர்ல ஏதுங்க குளிரு?"

அவன் வானொலியைச் சத்தமாக வைத்தான்.

நெடுஞ்சாலைக்கு முன்னால் இருந்த பெட்ரோல் நிலையத்தில் எல்லாரும் கூடினார்கள். ரூபேந்திரன் தன் மனைவி கஸ்தூரியையும் அழைத்து வந்திருந்தான். நல்ல முகம், வாய் நிறையச் சிரிப்பு. அவளைப் பார்த்ததும் மதிவாணனின் எரிச்சல் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. பிரேமலா கஸ்தூரியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு நேராக மஞ்சள் காரின் முன்னால் போய் நின்று, கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டாள். அவனுக்கு ரூபேந்திரன்மேல்கூட இப்போது அவ்வளவு கோபம் இல்லை. அந்த எஞ்சின்மேல்தான் இருந்தது. தான் பேசும்போது அவள் ஒரு தடவையாவது இப்படிக் கண்ணை மூடிக் கேட்டிருக்கிறாளா?

"அண்ணே, உங்க வண்டியப் பத்தி சிஸ்டர் நிறைய சொல்லுவாங்க" என்று ரூபேந்திரன் கை கொடுத்தான்.

"என்னன்னு?"

"பழசா இருந்தாலும் நல்லா வச்சிருக்கீங்கன்னு."

'பழசா இருந்தாலும்.' மதிவாணன் கையை இழுத்துக்கொண்டான்.

மற்ற வண்டிகள் முன்னே போய்விட்டன. ரூபேந்திரன் இவர்களுக்காக வேகத்தைக் குறைத்து, கூடவே வந்தான். அந்த மரியாதைதான் மதிவாணனுக்குப் பொறுக்கவில்லை. ஆயர் ஈத்தாம் தாண்டியதும் மஞ்சள் காரை முந்தினான். கொஞ்ச தூரம்தான். மஞ்சள் கார் ஒரு மூச்சு விட்டதுபோலப் பக்கத்தில் வந்தது. கஸ்தூரி கை ஆட்டினாள். கார் முன்னே போய்விட்டது. மதிவாணன் விடவில்லை, மிதித்தான். செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் சுவர்போல ஓடின. யோங் பெங் போனதே தெரியவில்லை.

"மெதுவா போங்க. எஞ்சின் கொதிக்கும்."

"அவன் வண்டி மட்டும் கொதிக்காதா?"

"அது வேற வண்டி!"

"தெரியும். அது ராசா வண்டி. இது மிச்சம் திங்கிற வண்டி."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

மூவாருக்குத் திரும்புகிற பாகோ சுங்கச் சாவடியில் வேகம் குறைந்தது. அட்டையைத் தொட்டுவிட்டு நகரும்போது, முன்னால் ஆயில் குடுவை வரைந்த சிவப்பு விளக்கு மினுக்கியது. அடங்கியது. பிறகு அடங்காமல் எரிந்தது. எஞ்சினுக்குள்ளிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல டொக் டொக் என்று கேட்டது.

"ஆஃப் பண்ணுங்க!"

சற்று முன்னால் மஞ்சள் கார் ஓரமாக நின்று காத்திருந்தது. ரூபேந்திரன் கண்ணெதிரே நிற்பதா என்று மதிவாணன் தயங்கினான். பிரேமலா கையை நீட்டித் தானே சாவியைத் திருப்பிவிட்டாள். சத்ரியா உயிர் இல்லாமல் உருண்டு ஓரத்தில் நின்றது.

அவள் இறங்கி மூடியைத் தூக்கி, ஆயில் பார்க்கிற கம்பியை உருவினாள். நுனியிலிருந்து ஆயில் நிற்காமல் வடிந்தது. விரலில் தேய்த்து மோந்து பார்த்தாள்.

"இது என் ஆயில் இல்ல."

மதிவாணன் சாலையோரப் புல்லைப் பார்த்தான்.

"என் ஆயில் எங்க?"

"வாளியில."

"ஏன்?"

அவன் கண் காட்டிக்கொடுத்தது. மஞ்சள் காரிலிருந்து இறங்கி நடந்து வருகிற ரூபேந்திரன் பக்கம் அது போனது. அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு இவனைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. முகம்தான் வாடிப்போனது.

"என்னாச்சு சிஸ்டர்?"

பிரேமலா கம்பியைத் துணியால் துடைத்தாள். "ஆயில் மெலிசாப் போச்சு. பழைய எஞ்சினுக்கு இது தாங்காது. நான்தான் தப்பா எடுத்துக் குடுத்துட்டேன்."

மதிவாணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரான் முன்னால் புருஷன் தலை குனியக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படித்தான்.

"நீங்களா?" ரூபேந்திரன் நம்பாமல் பார்த்தான். பிறகு அந்தப் பார்வை மெல்ல மாறியது. தன் காரைத் திரும்பிப் பார்த்தான். "சிஸ்டர், அப்ப என் வண்டிக்கு முந்தாநாள் போட்டது? அது சரிதானே?"

"சரிதான்."

"கட்டாயமா?"

"கட்டாயமா."

ஆனால் அவன் முகத்தில் சந்தேகம் ஏறிவிட்டது. மதிவாணன் அதைப் பார்த்தான். மறைத்து என்ன, அவன் நெஞ்சுக்குள் இனித்தது. இதுதானே வேண்டும்? இனி இவன் கடைக்கு வரமாட்டான். காகிதம் பிரிக்க ஆள் இருக்காது. அவள் பழையபடி கல்லாவில் உட்காருவாள், ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவாள். வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், எல்லாம் தானாக நடந்துவிடும். அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

ரூபேந்திரன் சற்றுத் தள்ளிப் போய்க் கைப்பேசியை எடுத்தான். கெட்ட எண்ணத்தோடு இல்லை. கூட்டாளிகள் எல்லாரும் அந்தக் கடையில்தானே ஆயில் போடுகிறார்கள். பெருவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு குழுவுக்குக் குரல் பதிய ஆரம்பித்தான். "டேய் மச்சான்களா, வண்டிய மிதிக்காதீங்க. செனாய் சிஸ்டர் அவங்க வீட்டு வண்டிக்கே ஆயில் தப்பா குடுத்து எஞ்சின் தட்டுது. நம்ம வண்டிக்குப் போட்டத ஒருக்கா செக் பண்ணுங்க..."

பிரேமலா துடைத்து முடித்த கம்பியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

அவளுடைய கையைப் பார்த்தபோது மதிவாணனுக்கு நெஞ்சில் இருந்த இனிப்பு குமட்டியது. ரூபேந்திரனின் விரல் எடுபட்டால் செய்தி போய்விடும். நாளைக் காலை தவுக்கே காதுக்கும் போய்விடும்.

"டேய், நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே ஓடினான். "அவ இல்லடா! அவ ஊத்துனது நல்ல ஆயிலு. நான்தான் இறக்கிட்டு இந்தக் கருமத்த ஊத்துனேன். உன் வண்டி மிச்சம் என் வண்டிக்கு வேணாம்னு ஊத்துனேன். நீயும் அவளும் அந்தக் காகிதத்தப் பாத்தது எனக்குப் பிடிக்கல. போதுமா!"

சாலையில் ஒரு பேருந்து போனது. ரூபேந்திரன் வாய் பிளந்து நின்றான். திடுக்கிட்டதில் அவன் விரல் கைப்பேசியிலிருந்து எடுபட்டிருந்தது.

"அண்ணே," என்றான் மெதுவாக, "அது... போயிடுச்சு."

"எது?"

"நீங்க கத்துனதும் சேந்து. முழுசா."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி சத்தம் போட்டது. மறுபடி போட்டது. நிற்காமல் போட்டது. மூவாரில் மேசை பிடித்து உட்கார்ந்திருந்த கூட்டம் கேட்டுவிட்டது. மதிவாணனுக்குக் காது சுட்டது.

"அழிச்சிடவா அண்ணே? இன்னும் சில பேரு கேக்கல."

மதிவாணன் பிரேமலாவைப் பார்த்தான். அழிக்கச் சொல்வாள் என்றுதான் நினைத்தான். அவள் கம்பியை அதன் துளையில் செருகி, மூடியை இறக்கிச் சாத்தினாள்.

"இருக்கட்டும்" என்றாள். "எல்லாரும் கேக்கட்டும்."

வண்டியை இழுத்துப்போகும் லாரி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. எஞ்சின் பிழைத்ததா செத்ததா என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று பிரேமலா சொன்னாள். அவனிடம் சொல்லவில்லை, லாரிக்காரரிடம் சொன்னாள். லாரியின் முன்பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. கஸ்தூரி வந்து பிரேமலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க அக்கா, எங்ககூட வந்து சாப்பிட்டுட்டுப் போலாம். நாங்க வீட்டுல விட்டுடுறோம்."

பிரேமலா கணவனைப் பார்த்தாள். கேட்கிற பார்வையா, சொல்கிற பார்வையா என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"போயிட்டு வா" என்றான்.

"அந்த வாளியில தூசி விழாம மூடி வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மஞ்சள் காரின் பின்சீட்டில் ஏறியவள், முன்னால் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே குனிந்து, கண்ணை மூடிக்கொண்டாள். கார் கிளம்பியது. ஏதோ சொன்னாள்போல, முன்னால் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

லாரி திரும்பி ஜொகூர் பாரு பக்கம் போகிற சாலையில் ஏறியது. மதிவாணன் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, தேய்ந்துகொண்டே போகும் மஞ்சள் காரின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டான். ஒரு தட்டலாவது, ஒரு இரைச்சலாவது, ஏதாவது ஒரு குறை அதில் இருக்காதா என்று அவன் காது கடைசிவரை தேடியது.